பதினாலாம் அறை நாய்

சரோஜினி வீட்டுக் கொட்டகையில் ஐந்து குட்டிகள்.
நெற்றியில் வெள்ளை விழுந்ததை
பால் மறந்ததும் எடுத்துக்கோ என்றாள்.
மகன் அதற்குள் பெயர் வைத்துவிட்டான்:
மிக்ஸர்.

குட்டியிலிருந்து வளர்த்தால்தான் ஒட்டும்
என்றது சத்துவாச்சாரி முழுக்க.
செருப்பு மூணு ஜோடி போகும்,
ராத்திரி அழும், பாய் நாறும்,
ஆனாலும் நம்ம கையைப் பார்த்து வளரும்.

எனக்கு வேலை தோட்டப்பாளையத்தில், லாட்ஜ் கவுண்டர்.
வைத்தியத்துக்கு வருகிறவர்கள்
அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுப்பார்கள்.
பதினாலாம் அறையில் பிஸ்வாஸ் தம்பதி, எட்டு மாதம்.
வாசலில் கிடக்கும் செவலை நாய்க்கு
முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து வைப்பாள் அந்த அம்மாள்.
மாசியில் காட்பாடியில் ரயிலேறினாள்.
ஒரு டிக்கெட்.

நாய் தினமும் இரண்டாம் மாடி ஏறி
பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கும்.
புது ஆட்கள் புகார் சொன்னார்கள்.
கார்ப்பரேஷன் வண்டிக்குப் போன் போடு என்றார் முதலாளி.
போட்டேன். எடுக்கவில்லை.
மறுபடி போடவில்லை.

வயது ஆறோ ஏழோ.
வலது காது கிழிந்திருக்கிறது,
எந்தச் சண்டையில் என்று இனி யாரும் சொல்லப்போவதில்லை.
'வா' என்றால் பார்க்கும்; வராது.

கணக்குப் போட்டேன்.
குட்டி என்றால் பதினாலு வருஷம்,
மகன் எந்த ஊரிலோ இருப்பான்,
என் முட்டியோடு அது நடக்கும்.
இது என்றால் ஐந்து வருஷம்.
அதில் ஒன்று அவளைத் தேடியே போய்விடும்.

கத்திரி வெயிலில் ஒருநாள்
ஒன்பதாம் அறைப் பையன் தங்கையைக் கூப்பிட்டான்:
'எஷோ.'
படியடியில் கிடந்த நாய் எழுந்து நின்றது.

அன்று ஷிப்டு முடிந்து, ஆளில்லாத வாசலில்
நானும் சொல்லிப் பார்த்தேன்.
என் நாக்கில் 'ஏசோ' என்றுதான் விழுந்தது.
காதைச் சாய்த்து யோசித்தது,
பிறகு வந்தது,
வால் முழுதாக ஆடவில்லை.

ஸ்கூட்டியில் ஏற மாட்டேன் என்றது.
தள்ளிக்கொண்டே நடந்தேன்; நாலடி பின்னால் அது.
மிக்ஸர் எங்கே என்று கேட்பவனுக்கு
பதில் இன்னும் தயாராகவில்லை.
கிரீன் சர்க்கிளில் லாரிகள் வரிசையாக வர
அப்போதுதான் உறைத்தது,
'நில்' என்பதற்கு என்ன சொல் என்று
அந்தப் பையனிடம் கேட்டுவைக்கவில்லை.