பராமரிப்பு விதி

விடியுமுன் ஸ்போகேனை விட்டுக் கிளம்பும்போதே
ஓரின் சொன்னான்: வழியில் ஏழு பெட்டிகள்.
நான் பதில் சொல்லவில்லை.
முந்தின இரவு, உருளைக்கிழங்குக் கிண்ணத்தை
அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே
தங்கை வெர்னாவிடம் சொல்லியிருந்தான்,
வசந்தத்தில் வீட்டை விற்றுவிடுகிறோம் என்று.
விற்றுவிடுகிறோம்.
அந்தப் பன்மையில் நானும் இருப்பது
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் எண் நெடுஞ்சாலை கிழக்கே போகிறது.
கூடவே ஒரு சரக்கு ரயில்.
அதுவும் பேசுவதில்லை, நீளமாக இருக்கிறது.

எவரோ ஒளித்ததை
அட்சரேகை தீர்க்கரேகை பிடித்துப் போய்
எடுத்து, கையெழுத்திட்டு,
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது.
ஜியோகேச்சிங் என்றால் இவ்வளவுதான்.
பன்னிரண்டு வருஷமாக இதைச் செய்கிறோம்.
யாருக்கும் விளக்கி முடிந்ததில்லை.

மரியாஸ் கணவாயில் முதல் பெட்டி.
அறுபது அடி என்றது கருவி, பிறகு பன்னிரண்டு,
ஒரு பைன் மரத்தைச் சுற்றவிட்டு
மறுபடி நாற்பது.
வானத்திலிருக்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது
கைக்குத் தெரிவதில்லை.
"இடப்பக்கம்" என்றான்.
"கல்லுக்குக் கீழே" என்றேன்.
முந்நூறு மைலுக்கு மூன்று சொல்.

கட் பேங்கில், கான்கிரீட் பென்குவின் ஒன்று
இந்த ஊர்க் குளிரைப் பற்றிப் பீற்றிக்கொண்டு நிற்கும்.
அதைத் தாண்டி ஒரு விளக்குக் கம்பம்.
அடித்தகட்டைத் தூக்கினால் ஃபிலிம் டப்பா,
அதற்குள் நாக்குப் போலச் சுருண்ட காகிதம்.
நீட்டினான்.
'எதிர்க்காற்று' என்று எழுதினேன்.
எங்கள் இருவருக்கும் சேர்த்து
நான் வைத்த பெயர்.
பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

செஸ்டருக்கு அப்பால்
சாலைத் தடுப்பின் அடியில் தடவிக்கொண்டிருந்தபோது
ஒரு விவசாயி வண்டியை மெதுவாக்கினார்.
"எதையாவது தொலைச்சிட்டீங்களா?"
"தொலைக்கல. தேடுறோம்" என்றான் ஓரின்.
வாயிலிருந்த பல்குச்சியை
இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றி
யோசித்துப் பார்த்துவிட்டுப் போனார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவனிடம் காட்டாமல்
முள்வேலியிடம் காட்டினேன்.

ஹாவரில் பெட்ரோல். கிடைத்தது நான்காவது பெட்டியும்.
கடைக்குள் போனவன் வெகுநேரம் வரவில்லை.
இரண்டு காபியோடு வந்தான்,
என்னுடையதில் சர்க்கரை இல்லை,
அதில் மட்டும் தப்பே செய்யமாட்டான்.
அக்குளில் ஒரு பழுப்புக் காகிதப் பை.
கேட்கவில்லை.

மால்ட்டாவில் தானியக் கிடங்கின் பின்னால்
முக்கால் மணி நேரம். காற்று.
கிடைக்கவில்லை,
கிடைக்கவில்லை என்றே பதிவுசெய்தோம்.
இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான்:
தோற்றதையும் தேதி போட்டு எழுத
ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

சாக்கோவில் ஆறாவது. கொசு.
ஆளுக்கொரு கையால் தேடினோம்,
மறுகையால் அடித்துக்கொண்டோம்,
ஒரு முறை அவன் என் கழுத்தில் உட்கார்ந்ததையும் அடித்து
"மன்னிச்சிரு" என்றான்.
எதற்கு என்று சொல்லவில்லை.

இனிமேல் வீட்டுக்குள் போவதுதான் பாக்கி.
ஆறுதானே ஆயிற்று, ஏழு என்றானே என்று
எண்ணிக்கொண்டே வந்தேன்.
ஹின்ஸ்டேல் திருப்பம், சரளைப் பாதை,
எங்கள் வாயிற்கம்பத்தில் நிறுத்திவிட்டான்.
பழைய டிராக்டர் டயருக்குள்
பதினோரு வருஷத்துக்கு முன்
நான் ஒளித்த தோட்டாப் பெட்டி.
நாற்பத்துமூன்று பேர் கண்டெடுத்தது.
ஒளித்தவர் அருகிலேயே வசிக்க வேண்டும்,
ஈரம் துடைக்க, காகிதம் மாற்ற.
விதி அப்படி.
வீட்டை விற்றால் இதை யார் பார்ப்பார்கள்
என்ற கேள்வி ஸ்போகேனில் தோன்றவில்லை,
மரியாஸ் தாண்டித்தான் தோன்றியது,
அப்புறம் கேட்க வெட்கமாக இருந்தது.

முகப்பு விளக்கை அணைக்காமல் இறங்கினான்.
பையைப் பிரித்தான்.
நனையாத தாளில் தடியான குறிப்பேடு.
பழையது ஊறிய ரொட்டிபோல் உப்பியிருந்தது.
இருநூறு பக்கம்.
வருஷத்துக்கு நான்கு பேர்,
பக்கத்துக்கு ஒருவர் என்று வைத்தால்
ஐம்பது வருஷம்.
நான் கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு
"கடையில இது ஒண்ணுதான் இருந்தது" என்றான்.

பிறகு கையை நீட்டினான், பேனாவுக்கு.

சொந்தப் பெட்டியில் கையெழுத்திடக் கூடாது.
தேதியை மட்டும் எழுதினான்.
திறந்த கதவுக்காக
வண்டி மணியடித்துக்கொண்டே இருந்தது.