இறங்குவதற்குக் காசில்லை

எங்கள் கட்டிடத்து லிஃப்ட்
காசு தின்னும்.
பத்துத் தெத்ரி போட்டால்தான்
பெருமூச்சு விட்டு ஏறும்.
இறங்குவது இலவசம்.
குத்தாயிசியில் எல்லாமே அப்படித்தான்.

நாலு பேர், நாளுக்கு ஒரு ஏற்றம்,
டிசம்பர் முப்பத்தொரு நாள்;
ஜும்பேர் தீப்பெட்டி மேல் எழுதிக் கூட்டினான்:
பன்னிரண்டு லாரி நாற்பது.
ஒரு கோழி.

ஏறினோம்.
நாலாவது மாடியில் தேக்லா உட்கார்ந்துவிடுவாள்.
ஆறாவதில் யாரோ வெங்காயம் வதக்குவார்கள்,
அங்கே கொஞ்சம் மெதுவாக நடப்போம்.
எட்டாவதில் எங்கள் கதவு,
சாவி தேட முடியாமல் கை நடுங்கும்.

புத்தாண்டு சாத்சிவிக்கு
அக்ரூட் அரைத்து ஊற்ற வேண்டும்.
சந்தையில் கிலோ விலை சொன்னார்கள்.
காது கேளாதவள்போல நகர்ந்தேன்.
கால் கிலோ அக்ரூட்டோடு
இரண்டு கரண்டி மாவு சேர்த்தால்
குழம்பு கெட்டியாகும்,
பூண்டு மீதியை மறைக்கும்.
தேன்மிட்டாய்க்குச் சூரியகாந்தி விதை.
பிள்ளைகளை உரிக்கச் சொன்னேன்;
உரித்ததில் பாதி திரும்பி வந்தது.

முப்பத்தொன்று, இரவு பதினொன்று.
வியாபாரி சாக்கை மடிக்கும் நேரம்
சிச்சிலாக்கி வாங்கப் போனேன்:
ஹேசல் கிளையைச் சீவிச் சீவிச்
சுருளவிட்ட வெள்ளைத் தாடி,
எங்கள் பண்டிகை மரம்.
ஐந்து என்றார்.
மூன்று என்றேன்.
கையில் இருந்தது இரண்டு நாற்பது.
முகத்தைப் பார்த்தார், பிறகு
ஒரு பக்கம் சாய்ந்ததை எடுத்துக் கொடுத்தார்.
சாய்ந்த பக்கத்தைச் சுவரோடு வைத்தோம்.

நள்ளிரவில் வெடித்தது யார் காசோ,
எட்டாவது மாடி ஜன்னலுக்கு
முதல் வரிசை வெளிச்சம்.

ஆனால் முதல் கால் வேண்டுமே.
வருடத்தில் முதலில் வாசல் தாண்டுபவர்
கொண்டுவருவதுதான் வருடம்.
ஜும்பேரின் தம்பி ஆவ்தோவுக்கு நல்ல கால்.
அந்தக் கால் இப்போது போலந்தில்
ரப்பர் பூட்ஸ் போட்டு இறைச்சி பொட்டலம் கட்டுகிறது.
எட்டு மாடி ஏறி வேறு யார் வருவார்?

காலை ஒன்பது.
லிஃப்ட் முனகியது.
ஐந்து தாண்டியது. ஆறு. ஏழு.
எங்கள் தளத்தில் நின்றது.

கீழே கடை வைத்திருக்கும் சியூரி.
அவள் நீல நோட்டில் எங்கள் பக்கம் நிரம்பி
அடுத்த குடும்பத்தின் பக்கத்தில் வழிகிறது.
இருபதாம் தேதியிலிருந்து
அவள் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம்
ஜிப் வைத்த பூட்ஸுக்குக்
குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

கண் முதலில் அவள் கைக்குத்தான் போனது.
நோட்டு இல்லை.
"கால் என்னுடையது, தடம் தேவதையுடையது"
என்று சொல்லி வலது காலை வைத்தாள்.
கைநிறைய மிட்டாயை வீடெங்கும் வீசினாள்.
(நவம்பரோடு தேதி முடிந்தவை. பிறகு பார்த்தேன்.)

உட்கார்ந்தாள். சாத்சிவியைத் தொட்டு
நாக்கில் வைத்து யோசித்தாள்.
"மாவு கலந்திருக்கிறாய்."
"ஆமாம்."
"நானும்தான்."

ஒரு குவளை ஒயின் போனதும் சொன்னாள்:
இந்தக் கட்டிடத்தில் எட்டு மாடி,
அத்தனை பேரும் என் நோட்டில்.
முதல் காலுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை.
நானே கிளம்பிவிட்டேன்.

"அதற்கு ஏன் உச்சியிலிருந்து?" என்றான் ஜும்பேர்.

"மேலே வர ஒரு காசு போதும்.
அப்புறம் ஒவ்வொரு மாடியாக
நடந்து இறங்கலாம்."

வாசலில் பூட்ஸ் மாட்டியபடி,
சாதாரணமாக, "பத்தாம் தேதிக்குள்" என்றாள்.
பதினாலு பழைய புத்தாண்டாயிற்றே என்றேன்;
எங்கள் நாட்டில் வருடம் இரண்டு முறை பிறக்கும்,
சம்பளம் ஒரு முறைதான்.
"சரி. பதினைந்து."

தேக்லா மேஜைக்கு அடியில்
மிட்டாய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது மாடியில்
கதவு தட்டும் சத்தம்.
உள்ளே சட்டென்று
டிவி அணைந்தது.