பதினொன்று இருபது

காசிமேட்டில் ஏலச் சத்தம் கிளம்பும்போதே
எங்கள் கதவு திறந்துவிடும்.
படிவத்தில் 'காலை ஒன்பது முதல்' என்று அச்சாகியிருந்தது.
அடித்துவிட்டு மூன்றரை என்று எழுதினேன்.

தூக்கத்தோடு வரும் பிள்ளைகள்.
தோளிலிருந்து தோளுக்கு மாறுகையில்
ஒரு கண்ணை மட்டும் திறந்து
அம்மா போகிறாளா என்று பார்த்துவிட்டு
மூடிக்கொள்வான் மெர்சியின் பையன்.
மல்லாக்கப் படுக்க வைப்பேன். தலையணை கிடையாது.
புறங்கையை மூக்கருகே நீட்டி
மூச்சு சுடுகிறதா என்று பார்ப்பேன்.
இதற்கு ஒரு கட்டம் இருக்குமென்று நினைத்தேன்.
இல்லை.

ஆய்வுக்கு வந்த சுகிர்தா மேடம்
தாழ்ப்பாளின் உயரத்தை டேப் வைத்து அளந்தார்.
பிளக் பாயின்ட்டில் ஒட்டிய பிளாஸ்திரியை
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
கழிவறையில் பக்கெட் கவிழ்ந்து கிடந்தது.
"தண்ணி லாரி வந்தா ரொப்பணுமே?"
"மூடி இருந்தா ரொப்புவோம் மேடம்."
நாலு விரக்கடை தண்ணீர் போதும் ஒரு பிள்ளைக்கு.
யாரும் பாடம் எடுக்காமலே
அது தெரிந்த தெரு எங்களுடையது.

தீயணைப்பானின் முள் பச்சையில்தான் நின்றது.
உப்புக்காற்றில் பின் மட்டும் துருவேறி இறுகியிருந்தது.
இழுத்தார். வரவில்லை.
சிவப்பு மையில் ஒரு வரி.
சரி, அது எங்கள் தப்புதான்.

மருந்து நோட்டு.
தாய் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு சிரப் கிடையாது.
எழுத வராதவர்களுக்குப் பெருவிரல்.
தேசம்மாவின் ரேகையில் ஒட்டிய மீன்செதில் ஒன்று
பக்கம் புரளும்போது மினுங்கியது.

பிறகு, சம்பவப் பதிவேடு.

முந்தின ராத்திரி
ஹெப்சிபா அக்கா சொல்லியிருந்தாள்:
"அந்தத் தாள கிழிச்சுடு கோமளா.
இன்னா ஆயிப்போச்சு, ஒண்ணும் ஆகலியே."
ஸ்கேலை ஓரத்தில் வைத்து மடித்தும் பார்த்தேன்.
கிழித்தால் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்து மூன்று.
எண்ணி எண்ணியே பழகிய கை
தாண்ட மாட்டேன் என்றது.

மேடம் வாய்விட்டுப் படித்தார்:
'11.20. பதினாலில் ஒன்று குறைவு.
அஃப்ரா, வயது இரண்டரை.
தெருக்கதவு தாழிட்டிருந்தது.
11.24. அரிசி டிரம்முக்குப் பின்னால்
தூங்கிக்கொண்டிருந்தாள். காயம் இல்லை.
தாயிடம் சொல்லப்பட்டது.'

அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.
அந்த நாலு நிமிஷத்தில்
வாசலில் ஒரு கண்டெய்னர் லாரி ஏர் பிரேக் போட்டதை,
சம்ப் மூடியைத் தூக்கியதும்
உள்ளே பார்க்கும் முன்பு
நான் கண்ணை மூடிக்கொண்டதை
எழுதவில்லை.

"இத நீங்க எழுதாம இருந்தா
யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"
"டிரம்ம எடுத்துட்டோம் மேடம்" என்றேன்.
கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை.

எழுந்து போய்ப் பார்த்தார்.
டிரம் இருந்த மூலையில்
தரை வட்டமாக வெளுத்திருந்தது.
அந்த வட்டத்துக்குள் குந்தி அஃப்ரா
கை போன பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.
"மென்னு முழுங்கு" என்று அதட்டினாள், என் குரலிலேயே.

எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று
பேனா கொஞ்ச நேரம் தாளின் மேல் அலைந்தது.
பிறகு பதிவேட்டில், என் வரிகளுக்குக் கீழே
சின்னதாக ஒரு கையெழுத்து, தேதி.
மெச்சிப் போட்டதா, மாட்டிவிடப் போட்டதா,
சொல்லவில்லை.
திங்கட்கிழமைக்குள் சிலிண்டரை மாற்றச் சொல்லிவிட்டு
செருப்பைத் தேடினார்.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது.
பிள்ளைகளுக்கு முன்னால் என் தொண்டைக்குத் தெரியும்.
ஜன்னல்களைச் சாத்தினேன்.
மேடமும் ஒன்றைச் சாத்தினார், கேட்காமலே.

ஹைரோட்டில் லாரிகள் நகரவில்லையாம்.
மெர்சி வர நேரமாகும்.
எண்ணினேன்.
பன்னிரண்டு, பதிமூன்று.
பதினாலாவது
என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
இருந்தும், மறுபடி
ஒன்றிலிருந்து.