அரை மாத்திரை

நாளை விடியுமுன் குன்றக்குடியில் இருக்க வேண்டும்.
பை நாலு கிலோவுக்கு மேல் போகக் கூடாதென்று
எனக்கு நானே போட்ட சட்டம்.
போன தையில் ஆறு கிலோ.
நத்தம் தாண்டியதும் என் தோள் சொன்ன வார்த்தை
முருகன் காதிலும் விழுந்திருக்கும்.

சேலை மூன்று, துண்டு, டார்ச்லைட்,
கொப்புளத்துக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும்,
மிச்சமெல்லாம் மாத்திரை.

கால்சியம், தொண்டைக்குள் போகும்போது
கதவைத் தட்டிவிட்டுத்தான் போகும்.
சர்க்கரைக்கு இரண்டு வேளை.
பிரஷருக்கு ஒன்று, கடுகுக்கு அக்கா.
வாரம் ஒருமுறை விட்டமின் டி:
பள்ளத்தூர் வெயிலில் ஐம்பத்தாறு வருஷம் காய்ந்தவள்
வெயிலை விலைக்கு வாங்குகிறேன்.

எடை குறைய அட்டைகளைக் கத்தரிக்கிறேன்.
மருந்துக்கடை பூமிநாதன் பார்த்தால் கத்துவான்:
"பேரும் தேதியும் இருக்கிற பக்கம் உங்களோட இருக்கணும்.
மயங்கி விழுந்தா
எதை வச்சு ஆச்சி கண்டுபிடிக்கிறது?"
வெட்டியாயிற்று.
பேரின் தலை குப்பைக்கு, வால் எனக்கு.

மகன் அனுப்பிய மாத்திரைப் பெட்டியில்
ஏழு அறை, ஏழு இங்கிலீஷ் எழுத்து.
எஸ் இரண்டு, டி இரண்டு.
தூக்கக் கலக்கத்தில் சனியா ஞாயிறா என்று நிற்பேன்.
நடக்கிறவளுக்குக் கிழமை எதற்கு?
மார்க்கரால் அடித்துவிட்டு எழுதினேன்:
குன்றக்குடி
சிங்கம்புணரி
நத்தம்
நடை
திண்டுக்கல்
நடை
பழநி.
பழநியில் பிரஷர் மாத்திரை வேண்டுமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன்.
போட்டேன்.
படி ஏறப்போவது நான்தானே.

தைராய்டுக்கு இந்தப் பெட்டியில் இடமில்லை.
அது வெறும்வயிற்றுக்காரி,
விழுங்கி அரைமணிக்குக் காப்பி வாசம் ஆகாது.
வீட்டில் அதற்கு ஐந்தரைக்கு அலாரம்.
என்னுடையது அடித்து ஓய்ந்ததும்
சுவருக்கு அப்புறம் இன்னொன்று அடிக்கும்.

உமையாள். என் ஓரகத்தி.
வளவைப் பங்கு பிரித்துப் பதினோரு வருஷம்.
கிணற்றடிக் கதவு யாருக்கு என்பதில்
தேவகோட்டை கோர்ட்டில் இன்னும் வாய்தா.
பேச்சு வார்த்தை இல்லை.
ஆனால் அவள் அளவு தெரியும். எழுபத்தைந்து.
எனக்கு ஐம்பது.
ஒரே டாக்டர், ஒரே பெஞ்சு,
பேரோடு மில்லிகிராமையும் சேர்த்துக் கூவும் நர்ஸ்.

கண்டனூர்க் கலியாணத்தில் மாத்திரையை மறந்து வந்தவள்
விடியக்காலை மண்டபத்தில் ஒவ்வொருவராய்க் கேட்டாள்,
"தைராய்டு வச்சிருக்கியளா?"
என் வரிசை வந்தது.
என்னைத் தாண்டி
அடுத்த நாற்காலியில் கேட்டாள்.
என் கைப்பையில் பதினாலு இருந்தது.
நானும் பூச்சரத்தைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அவளும் நடக்கிறாள்.
சுவர் வழியே கேட்கிறது:
டப்பா குலுங்குகிறது, தரையில் கொட்டுகிறது.
எண்ணுகிறாள். மறுபடி எண்ணுகிறாள்.
அவளுக்கு எண்ணிக்கை எப்போதுமே வராது,
பங்குப் பாத்திரத்திலேயே பார்த்தேன்.

எனக்கு ஏழு போதும்.
கவரில் ஏழைப் போட்டு
இன்னும் பதினொன்று போட்டேன்.
ஐம்பதில் ஒன்றரை, எழுபத்தைந்து.
ஏழு நாளைக்குப் பத்தரை.
மிஞ்சும் அரை பொதுவில் கிடக்கட்டும்,
கிணறு மாதிரி.

பாசம் கீசம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.
வழியில் அவள் படுத்துக்கொண்டால்
அடுத்த வாய்தாவும் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பையைத் தூக்கிப் பார்த்தேன்.
நாலு கிலோ நூறு இருக்கும்.
ஒரு சேலையை எடுத்து வெளியே வைத்தேன்.

சுவருக்கு அப்புறம்
ஜிப் மூடும் சத்தம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, திறக்கும் சத்தம்.