மஞ்சள் தீர்ந்துவிட்டது

மஞ்சள் தீர்ந்துவிட்டது என்கிறது.
எனக்கு வேண்டியதோ கறுப்பு.
நாற்பதாம் நாள் அறிவிப்பு, சான்கோ.
உன் பெயர், உன் படம், சுற்றிலும் கறுப்புக் கரை.
இதில் மஞ்சளுக்கு என்ன வேலை?

கறுப்பு மைப்பெட்டி நிறைந்துதான் இருக்கிறது.
இருந்தும் அந்த ஆரஞ்சு விளக்கு
சிமிட்டிச் சிமிட்டி மறுக்கிறது,
பந்தியில் ஒரு குறை கண்டுபிடித்து
எழுந்துபோகிற சம்பந்தியைப் போல.

ரூசே நகரத்துப் பிப்ரவரி.
டான்யூபின் மூடுபனி படியேறி
ஏழாம் மாடிவரை வந்திருக்கிறது.
அடுப்பில் உனக்கான கோதுமை வேகிறது.
கடைத்தெருவில் அச்சடித்துக்கொள்ளலாம்தான்.
ஒரு தாளுக்கு அவன் கேட்கும் காசுக்கு
நீ எழுந்து வந்து சண்டை போடுவாய்.

உன் காலணிப் பெட்டியைத் திறக்கிறேன்.
நான்கு பாட்டில். நான்கு சிரிஞ்சு.
நெருப்பில் காய்ச்சி
மைப்பெட்டியின் மண்டையில் நீ ஓட்டை போட்ட ஆணி.
டேப். பல் குத்தும் குச்சி எதற்கென்று தெரியவில்லை.
மூடியில் உன் கோழிக்கிறுக்கல்:
மெதுவாக. குமிழி வந்தால் நிறுத்து.

மேசைவிரிப்பில் நீல விரல் வைத்ததற்காக
உன்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.
அந்தக் கறை இப்போதும் இருக்கிறது,
ரொட்டிக்கூடையை அதன்மேல்தான் வைக்கிறேன்.

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
இருபத்திரண்டு வருடம் நரம்பு தேடிய கை.
எடுக்கத் தெரியும், ஊற்றிப் பழக்கமில்லை.
துளையில் ஊசியை இறக்கும்போது
"எறும்புக்கடிதான், கையை மடக்குங்கள்" என்று
பழக்கதோஷத்தில்
மைப்பெட்டியிடம் சொல்லிவிட்டேன்.

உள்ளே இருக்கும் பஞ்சு குடித்தது.
குடித்துக்கொண்டே இருந்தது.
பிறகு ஒரு குமிழி.
நிறுத்தினேன்.

அப்படியும் காலி என்கிறது இயந்திரம்.
ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான் அதன் கணக்கில்;
எத்தனை ஊற்றினாலும் நம்பாது.
பெட்டி மூடியின் உட்பக்கத்தில் அதற்கும் எழுதியிருந்தாய்:
பொத்தானை விடாமல் ஐந்து நொடி அழுத்து,
கேட்பதை விட்டுவிடும்.

விட்டுவிட்டது.

முதல் தாள் வந்தது.
நீ பச்சையாக இருந்தாய்.
கன்னம் பச்சை, மீசை பச்சை, கரை நல்ல பாசிப்பச்சை.
நாற்பது நாளாக யாரும் எதுவும் அச்சடிக்காத வீட்டில்
சிவப்பு காய்ந்து வாயடைத்துப்போயிருக்கிறது.
படத்தின் கறுப்பு தனிக் கறுப்பு இல்லையாம்,
மூன்று நிறமும் கலந்துதான் கறுப்பாம்.
இது தெரிய எனக்கு ஐம்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

கோதுமைக்குச் சர்க்கரை கொண்டுவந்த கியுல்தென்
தாளைத் தூக்கிப் பார்த்தாள்.
இந்த ஊர்க் கதவுகளில்
பச்சைக் கரை அவர்கள் வீட்டுச் சாவுக்கு,
கறுப்பு நம்முடையதற்கு.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாள்:
"சான்கோ எப்போது எங்கள் பக்கம் வந்தார்?
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

சிரித்தேன், சான்கோ.
வயிறு வலிக்க, அடுப்பைப் பிடித்துக்கொண்டு.
அவளும்.
கோதுமை அடிப்பிடித்துவிட்டது கொஞ்சம்.

மூன்று தடவை முனையைக் கழுவிய பிறகு
கறுப்பு கறுப்பாக வந்தது.
வாசல் கதவில் ஒன்று, லிஃப்ட் அருகில் ஒன்று,
பேருந்து நிறுத்தக் கம்பத்தில்
போன மாதத்து யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் ஒன்று.
பச்சையைக் கியுல்தென் கேட்டு வாங்கிப்போனாள்.
குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறாளாம்.

மறுநாள் கையுறை மாட்டும்போது
டாக்டர் ஸ்லாவெய்கா என் விரலைப் பிடித்து
"கல்லீரலைப் பார்த்துக்கொள்" என்றார்.

அடுத்த அறிவிப்பு ஜூலையில், ஆறாம் மாதத்துக்கு.
அதுவரை எதுவும் காயக் கூடாது.
அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம்,
எல்லா நிறமும் வரும்படி.
போன வாரம் உன் குடைமிளகாய்ப் பாத்தி.
இந்த வாரம் எதுவும் தோன்றவில்லை.
மின்கட்டண ரசீதை எடுத்து
தலைப்பை மட்டும் மஞ்சளாக்கி
அச்சடித்தேன்.