எழுதாத விகிதம்

ஜான்ஸ்டன் சதுக்கத்தில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
கடையைப் பிரிக்க உட்கார்ந்தோம், போஜராஜும் நானும்.
ஐப்பசி. கோத்தகிரி முழுக்க மூடுபனி.
மிச்சமிருந்த இடைவெளியில் அது குனிந்து பார்த்தது,
பஞ்சர் ஒட்டுவீர்களா என்று கேட்க வந்ததுபோல.

அவர் சரக்கு ஏட்டை வாசிக்கிறார்.
நான் கணினியில் ஏற்றுகிறேன்.

நூற்று அறுபத்தைந்து, சாய்கோடு, எண்பது, ஆர், பதினான்கு.
அகலம் மில்லிமீட்டரில்.
உயரம் அகலத்தில் நூற்றுக்கு இத்தனை.
நடுவில் ரிம் மட்டும் இன்னும் அங்குலத்தில்.
பத்திரத்தில் ஹெக்டேர் எழுதிவிட்டு
ஏக்கரில் விலை பேசுகிற ஊருக்கு
இதெல்லாம் புதிதில்லை.

அடுத்து எண்பத்தைந்து.
கிலோ என்று நினைத்துக்கொண்டு
ஒரு கேரட் வியாபாரி என்னிடம் சண்டைக்கு வந்தார்:
"என் சம்சாரமே தொண்ணூறு, தெரியுமா?"
அட்டவணையைக் காட்டினேன். ஐந்நூற்றுப் பதினைந்து.
சிரித்துக்கொண்டே நான்கு வாங்கிப் போனார்.

கடைசியில் வேக எழுத்து.
எஸ், டி, யு என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்.
திடீரென்று ஹெச் ஏறிக்கொள்ளும்,
வி அதற்குப் பிறகுதான்.
கியூவில் நிற்பவன் நின்றுகொண்டிருக்க
கண்டக்டரின் மச்சான் வந்து உட்கார்ந்த மாதிரி.
ஹெச் என்றால் மணிக்கு இருநூற்றுப் பத்து.
குஞ்சப்பனை வளைவுகளில் இரண்டாவது கியரில் இறங்குகிறவர்கள்
அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.
வேகத்துக்கு இல்லை ஃப்ளோரா, சூடு தாங்கும் என்பார் போஜராஜ்.
சரிதான்.
விலையும் சரிதான்.

பரணிலிருந்து ஒன்று இறங்கியது, சிலந்தியோடு.
ஐந்து புள்ளி தொண்ணூறு, கோடு, பதினைந்து.
அம்பாசடர் அளவு. ஆறு பிளை.
ஆறு என்றால் உள்ளே ஆறு அடுக்குத் துணி
இருந்த காலம் ஒன்று உண்டு.
பருத்தி போய் நைலான் வந்ததும்
நான்கே ஆறின் பலம் என்றார்கள்.
துணி குறைந்தது. எண் அப்படியே நின்றது.

திரை சிவந்தது:
விகிதம் காலியாக இருக்கக் கூடாது.

அந்த டயரில் விகிதம் இல்லை.
அப்போது எழுதுவதில்லை.
ஏறக்குறைய எண்பத்திரண்டு என்பது
செய்தவனுக்குத் தெரியும், மாட்டுகிறவனுக்கும் தெரியும்.
எழுபது, அறுபது என்று குட்டையானவை வந்த பிறகுதான்
சொல்லாமல் இருந்ததைச் சொல்லவேண்டி வந்தது.

நாங்களும் எழுதவில்லை.
ஆளுக்குப் பாதி என்று நான் நினைத்திருந்தேன்.
கட்டடம் அவருடையது, கம்ப்ரஸர் அவருடையது,
மேட்டுப்பாளையத்தில் கடன் சொல்லி நின்றது நான்.
இதில் எது அகலம், எது உயரம்?

"இது எப்போது வாங்கியது?" என்றேன்.
பக்கவாட்டில் மூன்று இலக்கம்: நான்கு, ஒன்று, எட்டு.
நாற்பத்தொன்றாம் வாரம், எட்டில் முடிகிற வருடம்.
எந்தப் பத்தின் எட்டு?
எண்பத்தெட்டு என்றால் கடைக்கு முன்பே அவரிடம் இருந்தது.
தொண்ணூற்றெட்டு என்றால்
அந்த டிசம்பரில் எங்கள் முதல் லோடில் வந்தது.
தொண்ணூறுகளுக்கு ஒரு சின்ன முக்கோணம் குத்துவார்கள், சிலர்.
டார்ச் அடித்துத் தேடினோம்.
வெடித்த ரப்பரில்
எங்கே பார்த்தாலும் முக்கோணம்.

இரண்டாயிரத்தில் அதை நான்கு இலக்கமாக்கினார்கள்.
அதற்குப் பின் வந்த எந்தச் சரக்கிலும்
எங்களுக்குள் தகராறு இல்லை.

விற்கக் கூடாது. மாட்டவும் கூடாது.
தூக்கிப் போடலாம் என்று
இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

காலிக் கட்டத்தில் எண்பத்திரண்டு என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.
அடுத்த கட்டம்: யார் பங்கு.
போஜராஜ் கண்ணாடியைக் கழற்றி
துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஷட்டரை யாரோ தட்டினார்கள்.
கட்டபெட்டு போகிற பிக்அப், பின்சக்கரம், இடதுபக்கம்,
வண்டி நிறைய முட்டைக்கோஸ்.
எழுந்தோம்.
ஜாக்கியை அவர் எடுத்தார்.
டார்ச் என் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது.