ஏழு சதவீதம்

மொர்வான் மலையில் ஞாயிறு காலை.
எவாரிஸ்த் முன்னால்,
அவன் பின்சக்கரத்தில் ஒண்டிக்கொண்டு நான்.
இன்னும் நாலு கிலோமீட்டர்,
ஏழு சதவீத ஏற்றம் என்கிறது பலகை.
இதற்குக் கீழே கியர் இல்லை.
மூச்சு, சங்கிலி, மூச்சு.
பீச் மரங்களுக்கடியில்
போன வருடத்துச் சருகில்
டயர் வழுக்கப் பார்த்தது.

வளைவு திரும்பினால்
வெயில்.
சரிவு முழுக்க அடிக்கட்டைகள்.
சாலையோரம் அடுக்கிய டக்ளஸ் மரங்கள்,
வெட்டுவாயில் ஆரஞ்சுநிற எண்கள்,
மூக்கை அடைக்கும் பிசின் வாசம்.

"நிழலெல்லாம் எங்கே போச்சு?"
கத்தினேன்.

அவன் திரும்பவில்லை.
வாரநாளில் ரம்பம் பிடிக்கிற கை
ஹாண்டில்பாரை விட்டு எழுந்து
அடுக்கைக் காட்டியது.
"செவ்வாய்க்கிழமை.
அந்த எண்கள் என் கையெழுத்துதான்."

மூணு வளைவுக்குப் பேச்சில்லை.
பிறகு பின்பக்கமாய்
பாட்டிலை நீட்டினான்.
தண்ணீர் சுட்டது.
குடித்தேன்.